துகில் ராத்திரியும் மோட்ச ராத்திரியும்

புனேவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கர்ணன் நம்ம ஆள். சிவாஜி நடித்த அன்றே அவனைத் தமிழ்நாட்டுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அவன் கௌரவர் கட்சியில் இருந்த ஒரு வில்லாளி, அவ்வளவுதான்.

அந்த நினைப்பு ஆபீஸ் கேன்டீனில் உடைந்தது. அப்ரைசல் ரிசல்ட் வந்த வாரம். யாருக்கு யார் துரியோதனன் என்று விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு கர்ணனில் வந்து நின்றது. எதிரே இருந்த மராட்டிப் பையன் "மிருத்யுஞ்ஜய்" நாவலைப் பத்தாவது படிக்கும்போதே மூன்று தடவை படித்தவனாம். சிவாஜி சாவந்த் 1967ல் எழுதியது. இங்கே புத்தக அலமாரி இருக்கிற வீட்டில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். (அவங்களுக்கும் கர்ணன் என்றால் ஒரு சிவாஜிதான், பாருங்கள் :-)) பக்கத்தில் இருந்த பீகார்காரர் தின்கர் 1952ல் எழுதிய "ரஷ்மிரதி"யிலிருந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நான் விடுவேனா? 1964 பொங்கலுக்கு வந்த பந்துலுவின் "கர்ணன்" படத்தை எடுத்துவிட்டேன். என்.டி.ராமராவ் கிருஷ்ணனாக வருவதையும், கடைசியில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டதும் எங்கள் வீட்டில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் சொன்னேன். மூன்று மொழிக்காரர்களும் ஒரே கட்சியாகிவிட்டோம்.

மேஜையின் கோடியில் ஒரு சீனியர் அம்மா டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். புனேக்காரர், அதிகம் பேசமாட்டார். எழுந்து போகும்போது இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சபையில் திரௌபதியைப் பார்த்து அவன் என்ன சொன்னான் என்று உங்கள் மூன்று பேரில் யாராவது சொல்லுங்களேன்."

மூன்று பேருமே முழித்தோம். எங்கள் மூன்று பேருக்கும் கவச குண்டலம் தெரியும், பரசுராமர் சாபம் தெரியும், தேர்ச்சக்கரம் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போனது என்று தேடப்போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

தேடுவதற்குப் புனேவைவிட நல்ல ஊர் கிடையாது. லா காலேஜ் ரோட்டில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1917ல் தொடங்கியது. அங்கேதான் 1919ல் மகாபாரதத்தின் செம்பதிப்பு வேலையை ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க இருந்து 1,259 சுவடிகளைத் திரட்டி, வரிக்கு வரி ஒப்பிட்டு, எது பழையது எது பிறகு சேர்ந்தது என்று பிரித்தார்கள். 1925ல் பொறுப்பேற்ற சுக்தங்கர் 1943ல் காலமானார். வேலை முடிந்தது 1966ல். நாற்பத்தேழு வருஷம்! நாம் ஒரு ரிலீஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனாலே என்ன பாடு படுகிறோம்.

எனக்கு சமஸ்கிருதம் தெரியாது. அந்தச் செம்பதிப்பைப் பிபேக் தேப்ராய் ஆங்கிலத்தில் பத்துத் தொகுதிகளாக மொழிபெயர்த்திருக்கிறார். அதைத்தான் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். முதலில் நேராக சபா பர்வத்துக்குப் போனேன்.

அங்கே இருப்பது இதுதான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தாகிவிட்டது. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று மழுப்புகிறார். யாரும் வாய் திறக்கவில்லை. துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து, இது நியாயமில்லை, இவளை ஜெயித்ததாகச் சொல்ல முடியாது என்கிறான். அவனை அடக்குவது யார் தெரியுமா? சகுனி இல்லை, துரியோதனன் இல்லை. கர்ணன். சின்னப் பையன் பெரிய பேச்சுப் பேசாதே என்கிறான். ஐந்து புருஷன் உள்ளவள் வேசிதானே, இவளை ஒற்றைத் துணியோடு கொண்டுவந்தால் என்ன, துணியே இல்லாமல் கொண்டுவந்தால்தான் என்ன என்று கேட்கிறான். பாண்டவர்கள் துணியையும் திரௌபதி துணியையும் உருவச் சொல்லித் துச்சாதனனுக்கு உத்தரவு கொடுப்பதும் அவன் வாய்தான். துகில் உரிதல் என்றால் நமக்குத் துச்சாதனன் கைதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கைக்கு வார்த்தை கொடுத்தவனை விட்டுவிட்டோம்.

"சுயம்வரத்தில் தேரோட்டி மகனை மணக்கமாட்டேன் என்று அவள் அவமானப்படுத்தினாளே, அந்தக் கோபம்தான்" என்று ஒரு சமாதானம் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன். செம்பதிப்பைப் பார்த்தால் அந்த வரி மூலத்தில் இல்லை; எல்லாச் சுவடிகளிலும் இல்லாத பாடம் என்று அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அவனுக்குப் பரிந்துபேச ஒரு காரணம் தேவைப்பட்டு யாரோ பிற்பாடு சேர்த்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றே வைத்துக்கொள்வோம். மணக்கமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னதற்கு, அவள் துணியை உருவு என்பது பதிலா?

சரி, அப்படியானால் கர்ணன் வெறும் அயோக்கியனா? அதுவும் இல்லை. அங்கேதான் வியாசர் பெரிய ஆள்.

அவன் பட்ட காயங்களை வியாசர் ஒளிக்கவில்லை. பிறந்த அன்றே பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள் அம்மா. அரங்கேற்றத்தன்று, வளர்த்த அப்பா அதிரதன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றதைப் பார்த்ததும், உனக்கு வில் எதற்கு, சாட்டையை எடு என்கிறான் பீமன். ஒரு மனுஷனை ஜென்மத்துக்கும் வறுத்தெடுக்க அந்த ஒரு வாக்கியம் போதும். தின்கரும் சாவந்தும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார்கள். பிறப்பை வைத்துத் திறமையைத் தள்ளிய ஒரு சமூகத்தின் மேல் இருந்த கோபம் அது. நியாயமான கோபம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

பிறகு உத்யோக பர்வம். தூது முடிந்து திரும்பும் கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மூத்த மகன், வா, ராஜ்யம் உனக்கு என்கிறான். கர்ணன் மறுக்கிறான். ராதைதான் என் அம்மா, அதிரதன்தான் அப்பா. துரியோதனன் என்னை நம்பித்தான் போரில் இறங்குகிறான், பொன் குவியலுக்காக அவனை விடமாட்டேன் என்கிறான். நாம் செஞ்சோற்றுக் கடன் என்று கொண்டாடுவது இந்த இடத்தைத்தான். கொண்டாட வேண்டிய இடமும்தான்.

ஆனால் அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறான். அது நம் சினிமா எதிலும் என் காதில் விழுந்ததில்லை. துரியோதனனைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பாண்டவர்களைக் கடுமையாகப் பேசினேன், அந்தச் செயலை நினைத்து இப்போது வேகிறேன் என்கிறான். படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தான் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். போரில் யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பதும் தெரியும். கனவில் பார்த்ததாக அவனே சொல்கிறான்.

அப்போ மன்னித்துவிடலாமே? கொஞ்சம் பொறுங்கள். அந்த வருத்தத்தை அவன் யாரிடம் சொன்னான்? கிருஷ்ணனிடம், தனியாக, தேரில். யாரிடம் பேசியதற்காக வருந்தினான்? பாண்டவர்களிடம் பேசியதற்காக. திரௌபதி பேர் அந்த வாக்கியத்தில் இல்லை. அவள் காதுக்கு அது போகவும் இல்லை. இந்தப் பேச்சு நம்மோடு இருக்கட்டும் என்றுதான் கிருஷ்ணனிடம் கேட்டுக்கொள்கிறான்.

கர்ண பர்வத்தில் சக்கரம் புதைந்ததும் அர்ஜுனனிடம் தர்மம் பேசுகிறான், பொறு என்கிறான். கிருஷ்ணன் திருப்பிக் கேட்கிறான்: ஒற்றைத் துணியோடு அவளைச் சபைக்குக் கொண்டுவந்தபோது உன் தர்மம் எங்கே போயிற்று? அவளைப் பார்த்துச் சிரித்தாயே, அப்போது எங்கே போயிற்று? கர்ணனிடம் பதில் இல்லை.

இந்தக் கர்ணன் நம் கர்ணனாக மாறியது எப்போது? ஒரே நாளில் நடந்த வேலை இல்லை. பாசன் பேரில் வழங்கும் "கர்ணபாரம்" என்ற குட்டி நாடகத்திலேயே அவன் கொடையை மட்டும் முன்னால் வைத்து மற்றதைப் பின்னால் தள்ளும் வேலை தொடங்கிவிட்டது. 941ல் கன்னடத்தில் பாரதம் பாடிய பம்பன், தன் அரசன் அரிகேசரியையே அர்ஜுனனாக வைத்துப் பாடியவர், அவரும் கர்ணனிடம் உருகிவிடுகிறார். நம் பக்கம் வில்லிபுத்தூரார். 14-15ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். துரியோதனன் மனைவியோடு சொக்கட்டான் ஆடும்போது முத்து சிதறிய கதையும், சாகும் நேரத்தில் வேதியனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் ரத்தத்தால் தாரை வார்த்துக் கொடுப்பதும் வில்லியில் உண்டு, வியாசரில் கிடையாது. வியாசரில் கவச குண்டலம்கூடச் சும்மா போகவில்லை. இந்திரன் வருவான் என்று சூரியன் கனவில் எச்சரித்து, கொடுப்பதானால் சக்தி ஆயுதத்தைக் கேட்டு வாங்கிக்கொள் என்கிறான். கர்ணனும் அப்படியே கேட்டு வாங்குகிறான். கொடைதான், ஆனால் கணக்கோடு செய்த கொடை. நம் காதுக்கு வந்தபோது கணக்கு உதிர்ந்து கொடை மட்டும் நின்றது.

அப்புறம் சினிமா. மணிரத்னம் 1991ல் "தளபதி" எடுத்தபோது கூட்ஸ் ரயிலில் விட்ட குழந்தை இருந்தது, சூரியன் இருந்தது, நண்பன் இருந்தான், அம்மா இருந்தாள். சபை மட்டும் இல்லை. சபை இல்லாத கர்ணனுக்கு மன்னிப்பே தேவையில்லையே. அவன் என்ன தப்பு செய்தான்?

இதே புனேயில் டெக்கான் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஐராவதி கார்வே, "மிருத்யுஞ்ஜய்" வந்த அதே 1967ல் "யுகாந்த" என்ற புத்தகம் எழுதினார். அதில் கர்ணனைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அவனுக்காக அவர் அழவில்லை. எங்கெங்கே சறுக்கினான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். கேன்டீன் அம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அதைப் படித்த பிறகு புரிந்தது. ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு கர்ணன்கள்.

இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுத் தேடினாய் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது ஊர்ப்பக்கத்தில் பேர் தெரியாத ஒரு கல்லூரி. என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்கே கூப்பிடாத கம்பெனிகள் எத்தனையோ. ஒருவர் மட்டும் கூப்பிட்டு, நம்பி, வேலை கொடுத்தார். பிறகு கம்பெனி மாறியபோது என்னையும் கூடவே அழைத்துப் போனார். அவர்தான் என் மேனேஜர். என் வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் எல்லாம் அவர் போட்ட சோற்றில் நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ரிலீஸ் சொதப்பியது. டெஸ்டிங்கைப் பாதியில் நிறுத்தி அனுப்பச் சொன்னது அவர். எனக்கும் தெரியும், டீமுக்கும் தெரியும். கிளையன்ட் கூப்பிட்டுக் கத்திய பிறகு நடந்த மீட்டிங்கில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணை, டெஸ்டர், நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. பக்கத்தில் ஒரு பையன், "சார், அவங்க மெயில் போட்டிருந்தாங்க" என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே விழுந்து, "மெயில் போட்டா வேலை முடிஞ்சுதா? டெஸ்டிங்னா என்னன்னு முதல்ல கத்துக்கச் சொல்லுங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டது.

மேனேஜர் என்னை அப்படிப் பேசச் சொல்லவில்லை. அவர் மனசு குளிரட்டும் என்று நானாகச் சொன்னது. அன்று ராத்திரி ரூம் நண்பனிடம் ரொம்ப வருத்தப்பட்டேன். "என்னடா பண்றது, அவர் போட்ட சோறு" என்றேன். அவனும் "விடுடா" என்றான். விட்டுவிட்டேன். விகர்ணனைக் கர்ணன் அடக்கும் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஏன் வியர்த்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கர்ணனுக்கு விமோசனம் உண்டா? வியாசர் கொடுக்கிறார். அவர் கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். கடைசிப் பர்வம், சொர்க்காரோகணம். தர்மன் சொர்க்கத்துக்குப் போனால் அங்கே துரியோதனன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். என்னவர்கள் எங்கே என்று கேட்க, நாற்றமும் இருட்டுமான ஒரு வழியாகக் கூட்டிப் போகிறார்கள். இருட்டில் குரல்கள் கேட்கின்றன. நான் கர்ணன், நான் பீமன், நான் அர்ஜுனன். அதே இருட்டிலிருந்து, நான் திரௌபதி. ஒரே நரகத்தில் இருவரையும் நிறுத்திவிட்டுத்தான் வியாசர் கதவைத் திறக்கிறார். பிறகு சொர்க்கத்தில் கர்ணன் ஆதித்யர்களோடு ஒளிர்கிறான். ஆக மோட்சம் உண்டு. கொடையைக் காட்டி அவன் சபையைக் கழித்துக்கொள்ளவில்லை. நல்லது செய்தவனாகச் சொர்க்கம் போனான், கெட்டது செய்தவனாக நரகத்தையும் பார்த்தான். பாண்டவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

ஆனால் மோட்சம் வேறு, மன்னிப்பு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மோட்சத்தைக் கடவுள் கொடுக்கலாம், கவி கொடுக்கலாம். மன்னிப்பைத் திரௌபதி மட்டும்தான் கொடுக்க முடியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. வில்லியும் பந்துலுவும் நானும் என் அப்பாவும் அவள் சார்பாக மன்னித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

இதை எழுதும்போது ஊர் ஞாபகம் வருகிறது. செய்யாறு பக்கம் எங்கள் கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்துப் பதினெட்டாம் போரில், படுகளத்தில் முடியும். நடுவில் ஒரு ராத்திரி துகில். பின்னால் ஒரு ராத்திரி கர்ண மோட்சம். பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் முகவீணை இழுக்கும்போது அழாத கிழவிகள் கிடையாது.

சின்ன வயசில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. துகில் ராத்திரி, துச்சாதனன் வேஷம் கட்டியவர் அதுவரை ஆட்டமாய் ஆடிவிட்டு, சேலையில் கை வைக்கப்போகும் நேரத்தில் சட்டென்று நிற்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். விழுந்து கும்பிட்டு, தாயே, வேஷத்துக்காகச் செய்கிறேன், மன்னித்துக்கொள் என்பார். அப்புறம்தான் கை வைப்பார். கூத்துதானே, எதுக்குப்பா மன்னிப்பு என்று அப்பாவைக் கேட்டேன். "அம்மா பாத்துட்டு இருக்கா இல்லடா" என்றார்.

அந்த அம்மா துகில் ராத்திரியும் பார்க்கிறாள், மோட்ச ராத்திரியும் பார்க்கிறாள். அதே களம், அதே தெய்வம். மோட்சம் ஆடுவதனால் எங்கள் ஊரில் யாரும் துகிலை விட்டுவிடுவதில்லை. இரண்டையும் முழு ராத்திரி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் கர்ணனுக்காக அழ உரிமை உண்டு என்று இப்போது நினைக்கிறேன். நாம் மோட்ச ராத்திரியை மட்டும் வெட்டியெடுத்துப் படமாக்கி, பாட்டாக்கி, மெயிலில் சுற்றவிட்டோம்.

போன மாதம் அந்தப் பெண்ணின் முகவரியைத் தேடிப்பிடித்து ஒரு மெயில் அனுப்பினேன். என்னை எடுத்து வளர்த்தவர், சோறு, கடன் என்று எதையும் எழுதவில்லை. அந்த மீட்டிங்கில் நான் சொன்னது பொய், பொய் என்று தெரிந்தே சொன்னேன், சிரித்தேன், மன்னிக்கக் கேட்கிறேன் என்று மட்டும் எழுதினேன். நாலு வரி. எழுத மூன்று நாள் ஆனது.

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பி.கு.: கேன்டீன் அம்மா சென்ற வருஷம் ரிட்டயர் ஆனார். விடைபெறும் விழாவில், உங்கள் கேள்விக்குப் பதில் படித்துவிட்டேன் என்றேன். "எந்தக் கேள்வி?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை :-)